ரெண்டு கான் தண்ணியும் ஒரு உரப்பையும்

ரிவியில 'உலகின் மிகப் பலசாலி' போட்டி பாத்திருப்பீங்கள். 1977இல அமெரிக்காவில தொடங்கினது. மலை மாதிரி ஆக்கள் ரெண்டு கையிலயும் பாரத்தோட ஓடுவினம், பெரிய ரயரைப் புரட்டுவினம், லொறியையே கயிறு கட்டி இழுப்பினம். அது எங்களுக்கான சங்கதி இல்லை எண்டுதான் நானும் நினைச்சன். இப்ப அப்பிடி நினைக்கேல்லை. காலமை எட்டு மணிக்கு வேலைக்குப் போய், பொழுதுபட வீட்டை வந்து, சனிக்கிழமை மட்டும் கழகத்துக்குப் பந்தடிக்கிற என்னைப்போல ஆக்களுக்குத்தான் அந்தப் பயிற்சி கூடப் பொருந்தும்.

காரணம் நேரம். நெஞ்சுக்கு ஒருநாள், காலுக்கு ஒருநாள் எண்டு ஜிம்முக்குப் போக எனக்கு நாள் காணாது. 20 லீற்றர் கான் ரெண்டில தண்ணி நிரப்பி, கைக்கு ஒண்டாத் தூக்கிக்கொண்டு வளவுக்குள்ள 40 மீற்றர் நடந்து பாருங்கோ. கைக்கு 20 கிலோதான். ஆனா மூண்டாம் நடையில விரல் கழரும், வயிறு இறுகும், மூச்சு வாங்கும். பிடி, நாரி, கால், நெஞ்சு எல்லாம் ஒரே நேரத்தில வேலை செய்யுது. பழக நுட்பமும் பெரிசா இல்லை. பழைய ரயருக்குக் கயிறு கட்டி இழுக்கிறது இன்னும் நல்லது. பாரத்தை மெதுவா இறக்கிற கட்டம் அதில இல்லை, அதால அடுத்தநாள் தசைநோவும் குறைவு. வியாழன் இழுத்துப்போட்டுச் சனி பந்தடிக்கலாம்.

ஆனா இதைச் சண்டித்தனமாக்கினா கெட்டுது. முதல் மாசமே நான் 50 கிலோ சீமெந்துப் பையை நிலத்தில இருந்து தூக்கினன், நண்பன் வீடியோ எடுத்தான். நாரி பிடிச்சு ரெண்டு கிழமை கதிரையில இருக்க ஏலாது. அரையிறுதியைக் கோட்டுக்கு வெளியில நிண்டுதான் பாத்தன்.

"நாட்டாமிமார் நாள் முழுக்க மூட்டை தூக்கினம், அவைக்கு ஒண்டும் ஆகேல்லையே மச்சான்" எண்டு ஒருத்தன் கேட்டான். ஆகேல்லை எண்டு ஆர் சொன்னது? புறக்கோட்டையில ஒரு மணித்தியாலம் நிண்டு, வயசுபோன நாட்டாமிமாரின்ர நடையைப் பாருங்கோ. வளர்ந்த ஆண் ஒருத்தர் சுமக்கிற பாரம் 55 கிலோவுக்கு மேல இருந்தா அதைக் குறைக்க வேணும் எண்டு சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1967இலேயே பரிந்துரைச்சது. கூலிக்குச் சுமக்கிறவருக்கு நினைச்ச இடத்தில மூட்டையை வைக்க ஏலாது. எங்களுக்கு ஏலும். அந்த வசதி இருந்தும் பாவிக்காமல் நாரியை முறிக்கிறது வீரமில்லை, விசர்.

இப்ப கிழமைக்கு ரெண்டு நாள், 20 நிமிசம். கான் நடை ஆறு தரம். பிறகு 20 கிலோ மணல் கட்டின உரப்பையை நெஞ்சோட அணைச்சு நாலு நடை. கடைசியா ரயர். நடை கோணினா உடன கீழ வைப்பன். கிழமைக்கு ஒரு கிலோவுக்கு மேல கூட்டுறேல்லை.

கழகத்துக் கொட்டிலுக்குப் பின்னால 15, 20, 25 கிலோவில மூண்டு மணல்பை கட்டி வைப்பம் எண்டு கேட்டிருக்கிறன். செலவு பையும் கயிறும்தான். தலைவர் இன்னும் பதில் சொல்லேல்லை. புது ஜேர்சிக்குக் காசு சேக்கிறாராம்.