புழுவின் மூளையும் லாப நஷ்டக் கணக்கும்

"பூச்சிக்கு என்ன ஹார்மோன் சுரக்குதுன்னு கண்டுபிடிச்சு என்ன ஆகப் போகுது? வரிப்பணம் தண்டம்!"

இப்படிக் கேட்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். போட்ட காசுக்கு வரவு என்ன என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் கணக்கை எந்த வருடம் முடிப்பது என்பதில்தான் சிக்கலே!

போலந்து விஞ்ஞானி ஸ்டெஃபான் கோபெட்ச் கம்பளிப்புழுவின் மூளையை எடுத்துப் பார்த்தார். குறிப்பிட்ட நாளுக்கு முன்பு எடுத்தால் அது கூட்டுப்புழுவாக மாறவில்லை. சில நாள் கழித்து எடுத்தால் மாறியது. நரம்பை அறுத்தும் மாற்றம் நிற்கவில்லை. அப்படியென்றால் மூளை ஏதோ ஒரு பொருளைச் சுரந்து ரத்தத்தில் அனுப்புகிறது என்று 1922-ல் எழுதினார். மூளையாவது, ஹார்மோன் சுரப்பதாவது... அன்று பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1941-ல் நாஜிக்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அவர் சொன்ன அந்தப் பொருள் ஒரு பெப்டைடு ஹார்மோன், அதாவது சிறிய புரதம். பட்டுப்பூச்சியில் அதன் அமைப்பை ஜப்பானிய விஞ்ஞானிகள் முழுதாக வெளியிட்டது 1990-ல். இடையில் 68 வருடம்!

அதைத் தேடிப் போன வழியில் இன்னொன்றும் கிடைத்தது. பட்டுப்பூச்சியின் தலையில் இருந்த பாம்பிக்ஸின் என்ற பெப்டைடு, நம் இன்சுலினின் சொந்தக்காரன் என்று 1984-ல் தெரிந்தது. 2002-ல் பழ ஈயின் மூளையில் இன்சுலின் போன்ற பெப்டைடு சுரக்கும் செல்களை அழித்துப் பார்த்தார்கள். ஈ குள்ளமானது, உடம்பில் சர்க்கரை ஏறியது. சர்க்கரை நோயைப் புரிந்துகொள்ள ஈ உதவும் என்று 1922-ல் யாராவது திட்ட அறிக்கை எழுதியிருக்க முடியுமா?

"இதை வைத்துப் பூச்சிமருந்து செய்யலாமே, அப்படிச் சொல்லியே காசு வாங்கலாமே" என்பார்கள் சிலர். ஆசைதான். ஆனால் பெப்டைடு பூச்சியின் குடலில் செரித்துப் போகும், வெயிலில் கெடும். அப்படியே தெளித்தால் பலிக்காது. தேனீயைக் கொல்லாமல் புழுவை மட்டும் தடுக்க வேண்டுமானால், எந்த ஹார்மோன் எங்கே என்ன வேலை செய்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். அதற்கும் அதே ஆராய்ச்சிதான் வேண்டும்!

ஆகவே நண்பர்களே, ஆராய்ச்சிக்குக் கணக்குக் கேளுங்கள். சோதனை நேர்மையானதா, கேள்வி தெளிவானதா என்று கேளுங்கள். லாபத்தை மட்டும் இந்த மார்ச் 31-க்குள் கேட்காதீர்கள். தென்னை வைத்தவன் மறுநாளே இளநீர் கேட்பதில்லையே!