தாயின் கூலியை யார் தருவது?

பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலை வீதியில் நின்று பாருங்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் மலையைச் சுற்றி நடக்கிறார்கள். 14 கிலோமீட்டர்! ஒரே இரவு! விடிந்ததும் பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

அந்த வீதியை ஒட்டிய தெருக்களில் வேறொரு சுற்று நடக்கிறது. அதற்குப் பௌர்ணமியும் கிடையாது, முடிவும் கிடையாது. நடக்க முடியாத பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு வீடு, வயல், பள்ளிக்கூடம், பெரியாஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ் என்று சுற்றுகிறாளே கூலிக்காரத் தாய், அவளுடைய சுற்று அது!

ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பத்து வயதுப் பையனுக்கு மூளை முடக்குவாதம். சோறு ஊட்டவேண்டும், தூக்கி உட்காரவைக்கவேண்டும். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் நாட்களில் பாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். ஒருநாள் அந்தப் பாட்டி பக்கவாதத்தில் விழுகிறாள். இனி அந்தத் தாய் எங்கே நிற்பாள்? ஆஸ்பத்திரியில் மாமியார் கட்டில் அருகிலா, வீட்டில் பிள்ளை அருகிலா, வயலிலா? அவளுக்கென்ன மூன்று உடம்பா இருக்கிறது?

அவள் கூலி நின்றது. புருஷன் ஓடிவந்தான், அவன் கூலியும் நின்றது. கடன் வந்தது. பிள்ளைக்குக் கொடுத்துவந்த கைகால் பயிற்சியும் நின்றது. நீட்டி மடக்கிப் பழக்காவிட்டால் தசை இறுகிப்போகும். பிறகு நிமிர்த்துவது கஷ்டம். பாட்டியின் நோய் பேரனின் காலையும் சேர்த்து முடக்கிவிடுகிறது!

காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? அது ஆஸ்பத்திரிக் கணக்கைத் தீர்க்கும். கட்டிலருகே கண்விழித்து உட்கார்ந்திருந்தவளின் கூலியை அது தராது.

ஆலைத் தொழிலாளியின் கதி என்ன? ஈ.எஸ்.ஐ. திட்டத்தின்படி தொழிலாளிக்கே நோய் வந்தால் வருஷத்தில் 91 நாட்கள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. பிள்ளைக்கு மருந்து உண்டு. ஆனால் பிள்ளைக்காக ஷிப்டை விட்ட நாளுக்கு? ஒரு பைசாக் கிடையாது. செய்யாறு சிப்காட்டில் செருப்புத் தைக்கும் பெண்ணுக்கும் இதே கதிதான். வயற்காட்டுத் தொழிலாளிக்கோ ஈ.எஸ்.ஐ.யே கிடையாது.

2005ஆம் வருஷத்து நூறு நாள் வேலைச் சட்டம், வேலைத்தலத்தில் ஐந்து சிறு குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைக்கச் சொன்னது. நடக்க முடியாத பத்து வயதுப் பிள்ளை அந்தக் கணக்கில் வரவில்லை. 2023 ஜனவரியிலிருந்து காலையும் மாலையும் செல்போனில் படமெடுத்து வருகை பதிந்தார்கள். மத்தியானம் பிள்ளைக்கு வலிப்பு வந்து ஓடினவளின் கூலி என்ன ஆகும்?

சரி, இந்த நாட்டில் யாருக்குமே இப்படி விடுப்புக் கிடையாதா? உண்டு! மத்திய சர்க்கார் பெண் ஊழியருக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு சர்வீஸில் 730 நாட்கள், சம்பளத்தோடு! ஊனமுற்ற பிள்ளையாக இருந்தால் வயது வரம்பும் இல்லை. இமாசலப் பிரதேசத்தில் ஒரு கல்லூரி ஆசிரியை, எலும்பு நோயுள்ள மகனுக்காக இந்த விடுப்பைக் கேட்டு சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். பெண்கள் வேலைக்கு வருவது சலுகையல்ல, அரசியல் சட்டம் கேட்கும் கடமை என்று 2024 ஏப்ரலில் கோர்ட்டு சொன்னது. நல்லது! அந்த ஆசிரியையின் போராட்டத்தை வாழ்த்துவோம். நாம் கேட்பது ஒன்றுதான்: ஆசிரியை மகனின் எலும்புக்கு உள்ள நியாயம், நாற்று நடுகிறவள் மகனின் எலும்புக்கு இல்லையா?

உதவித்தொகையைப் பாருங்கள். மத்திய சர்க்காரின் ஊனமுற்றோர் பென்ஷனில் 2012ல் நிர்ணயித்த தொகை மாதம் 300 ரூபாய். அதுவும் 80 சதவீத ஊனமும் 18 வயதும் இருந்தால்தான்! பிள்ளைகளுக்குப் பூஜ்யம். தமிழக சர்க்கார் கடும் பாதிப்புள்ளவர்களின் தொகையை 2023 ஜனவரியில் 1500லிருந்து 2000 ஆக்கியது. நாளொன்றுக்கு 66 ரூபாய். 2025-26ல் நூறு நாள் வேலையின் ஒருநாள் கூலியே 336 ரூபாய்! பக்கத்து ஆந்திரத்தில் 2024 ஜூலையிலிருந்து 6000 ரூபாய். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 15,000. எல்லைக்கு அப்பால் முடிவது இங்கே ஏன் முடியாது?

“பெற்ற பிள்ளையைப் பார்க்கக் கூலியா? தாய்ப்பாசத்துக்கு விலையா?” என்று கேட்பார்கள். பாசத்துக்கு விலை கேட்கவில்லை ஐயா! பாசத்தைக் காட்டியதற்காக நீங்கள் பிடித்துக்கொண்ட கூலியைத்தான் கேட்கிறோம்.

“போன ஜன்மத்து வினை” என்பார்கள். வினை செய்தவன் குடிசையில் மட்டும்தான் பிறப்பானா? பங்களாவிலும் இப்படிப் பிள்ளைகள் பிறக்கின்றன. அங்கே ஆயா இருக்கிறாள், நர்சு இருக்கிறாள், கார் இருக்கிறது. வித்தியாசம் வினையில் இல்லை, வருமானத்தில் இருக்கிறது.

“பணம் எங்கே?” என்பார்கள். 2019ல் கம்பெனி வரியை 30லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். அதனால் வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று சர்க்காரே சொன்னது. அப்போது கஜானா நினைவுக்கு வரவில்லையா?

நமக்குள்ளும் ஒன்று பேசவேண்டும், தோழர்களே! சங்கக் கூட்டத்துக்கு அந்தத் தாய் ஏன் வருவதில்லை என்று கேட்டோமா? ஒருநாள் பிள்ளையை நாம் பார்த்துக்கொண்டு அவளை அனுப்பினோமா? பிள்ளை அவளுக்கு மட்டும்தானா பிறந்தது?

பிரசவ விடுப்பையும் ஒருகாலத்தில் பரிகாசம் செய்தார்கள். 1929ல் பம்பாயில் சட்டம் வந்தது. 1961ல் நாடு முழுவதற்கும் வந்தது. தானாக வரவில்லை. தொழிலாளி வர்க்கம் கேட்டது, வந்தது. இதுவும் வரும். கேட்கவேண்டியவை இவை:

பிள்ளைக்காகவும் நோயாளிக்காகவும் வேலை விட்ட நாளுக்கு ஈ.எஸ்.ஐ.யில் சம்பளம்!

விவசாயத் தொழிலாளிக்கும் அந்த நாளுக்கு சர்க்கார் கூலி!

ஆந்திரத்துக்குச் சமமான உதவித்தொகை, பிள்ளைகளுக்கும்!

வேலை நேரம் முழுவதும் திறந்திருக்கும் பகல் பராமரிப்பு நிலையம், பயிற்சியாளரோடு, ஊராட்சி தோறும்!

விவசாயத் தொழிலாளர் சங்கத்திலும் ஆலைச் சங்கத்திலும் இந்தக் கோரிக்கைகளை முதல் வரிசையில் வையுங்கள். அடுத்த முறை கலெக்டர் ஆபீஸ் வாசலில் அந்தத் தாய் மனுவோடு தனியாக நிற்கக்கூடாது. அவளுக்குப் பின்னால் சங்கம் நிற்கவேண்டும்!