அன்னதான அடுப்பின் சுடர்

புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் அருள்மிகு செங்கழுநீர் அம்மன் திருத்தேர் ஆடி ஐந்தாம் வெள்ளியன்று வலம் வரும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வடம் பிடித்துத் தொடங்கி வைத்த மரபு, இன்றைய துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. அன்று திரளும் அடியார்க்கு அன்னம் அளிக்க விழைவோர் விடியுமுன் பெரிய எரிவாயு அடுப்புகளை மூட்டுவர். உலை கொதிக்க வேண்டிய வேளையில் அடுப்பு முரண்டு பிடித்தால், பசித்து நிற்பவருக்கு என்ன சொல்வது? ஆகவே முதல் நாளே அடுப்பை எரித்துப் பார்த்துவிடுதல் நலம்.

நன்கு எரியும் சுடர் நீலமாய், பர்னரின் துளைகளை ஒட்டி நிற்கும். மஞ்சளாய் நீண்டு அலைந்து அண்டாவின் அடியில் கரி படிந்தால், வாயுவோடு போதிய காற்று கலக்கவில்லை என்பது பொருள். பர்னர் குழாயின் வாயிலுள்ள காற்றுத் தகட்டைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். அப்போதும் நீலம் வாராவிடில், வாயுவை நிறுத்தி, அடுப்பு ஆறியபின் குழாயின் உள்ளே நோக்குக. ஆண்டுக்கொரு முறை வெளிவரும் அடுப்பில் சிலந்தி குடியேறியிருக்கக்கூடும்! பர்னர் துளைகளைக் கம்பித் தூரிகையால் தேய்க்கலாம். வாயு வெளிப்படும் நாசிலின் நுண்துளையை மட்டும் ஊசியால் குத்தலாகாது. துளை பெரிதாகிவிட்டால் பின்பு எந்தத் திருத்தமும் பயன் தராது.

கடலோர ஊர்களில் ஒரு மயக்கம் உண்டு. உப்புக் காற்று பட்டாலும், பொங்கி வழிந்த உப்பு நீர் பட்டாலும், சோடியத்தால் சுடரில் செம்மஞ்சள் ஒளி தோன்றும். அது பழுதன்று. ஆறிய அண்டாவின் அடியைத் தடவிப் பார்த்தால் உண்மை விளங்கும். கையில் கரி ஒட்டாவிடில் தகட்டைத் தொட வேண்டியதில்லை. நிறத்தை மட்டும் கண்டு காற்றை மேலும் கூட்டுவோரே மிகுதி. அவ்வாறு கூட்டினால் சுடர் பர்னரை விட்டு எழும்பி இரைந்து, அணைந்தும் போகும். எரியாத வாயு காற்றினும் கனமானது. தரையோடு படர்ந்து அடுத்த அடுப்பின் நெருப்பைத் தேடிச் செல்லும்.

சில வேளை சுடர் குழாய்க்குள் புகுந்து உறுமும். உடனே அடைத்து, பர்னர் ஆறியபின் மீண்டும் பற்றவைக்க வேண்டும்.

ஒரே 19 கிலோ சிலிண்டரில் பல பெரிய அடுப்புகளை இணைத்தால் நடுச் சமையலில் சுடர் சோரும். உள்ளிருக்கும் திரவம் வாயுவாவதற்கான வெப்பத்தைச் சிலிண்டரிலிருந்தே ஈர்ப்பதால், அது குளிர்ந்து வியர்க்கும். சில வேளை பனியும் படியும். வாயு தீர்ந்ததென்று எண்ணிச் சாய்ப்பதும், தீயருகே வைத்துச் சூடேற்றுவதும் பேராபத்து. இரண்டு மூன்று சிலிண்டர்களைப் பொதுக் குழாயில் தொழில் அறிந்தவர் இணைத்துத் தந்தால் சுடர் தளராது.

இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்த்தபின் மூட்டுக. பந்தி முடிந்ததும் சிலிண்டர் வால்வை முதலில் மூடி, குழாயில் எஞ்சியது எரிந்து தணிந்தபின் அடுப்பின் திருகை மூடுக.