ஊரைக் கிழித்த ரோடு: வயலுக்குப் போக வழி எங்கே?



சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலையின் நீளம் 5,846 கிலோமீட்டர். நமது கிருஷ்ணகிரி, வேலூர், காஞ்சிபுரம் மாவட்டங்கள் வழியாகத்தான் அது சென்னைக்கு வருகிறது. அதைத் தொடர்ந்து எத்தனையோ நான்குவழிச் சாலைகள் வந்துவிட்டன. காரில் போகிறவருக்கு நேரம் மிச்சம். நம்ம தக்காளியும் பாலும்கூட சீக்கிரம் டவுனுக்குப் போகிறது. ரோடே வேண்டாமுன்னு நாம் சொல்லவில்லை.

ஆனால் இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கிணறு என்று இருக்கிறவன் பாடு என்ன? முன்பு மாட்டை ஓட்டிக்கொண்டு நாலு எட்டில் தாண்டிய இடத்தில் இன்று நடுத்தடுப்பு. டிராக்டரைத் திருப்ப கிலோமீட்டர் கணக்கில் சுற்ற வேண்டும். டீசல் காசு யார் தருவது? சுற்ற முடியாதவன் எதிர்த்திசையில் மொபெட்டை ஓட்டுகிறான். லாரி அடித்துவிட்டால் அவன்மேல்தான் தப்பாம்! வழி வைக்காமல் ரோடு போட்டவர்கள்மேல் தப்பே இல்லையாம்!

மழைக்காலத்தில் இன்னொரு கொடுமை. மண் கொட்டி உயர்த்திய ரோடு, வாய்க்காலுக்குக் குறுக்கே அணை மாதிரி நிற்கிறது. சிறுபாலம் போதாவிட்டால் மேல்பக்கம் பயிர் அழுகும், கீழ்ப்பக்கம் ஏரி காயும்.

2008-ஆம் வருஷத்துக் கட்டண விதிப்படி டிராக்டருக்கும் மாட்டுவண்டிக்கும் சுங்கம் கிடையாது. சரி, ஆனா போறதுக்குப் பாதை? சர்வீஸ் ரோடு இல்லாத இடத்தில், பறந்து வரும் பஸ்களுக்கு நடுவேதான் உயிரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

ரோடு போட்ட பிறகு நடையாய் நடந்தாலும் "பிளான்ல இல்லை" என்பார்கள். ஆகவே முன்னாடியே கேட்க வேண்டும். 1956 தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, 3ஏ அறிவிப்பு கெஜட்டில் வெளியான 21 நாளைக்குள் எழுத்து மூலமாக ஆட்சேபணை கொடுக்கலாம். 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும். அதனால் அறிவிப்பு வந்த உடனே சர்வே நம்பர், கிணறு, வண்டிப்பாதை, வாய்க்கால் அத்தனையும் எழுதி, ஊரோடு சேர்ந்து மனுக் கொடுத்து, ஒப்புகை ரசீது வாங்கி வையுங்கள்.

நாம் கேட்பது:

* இரண்டு பக்கமும் தொடர்ச்சியான சர்வீஸ் ரோடு!
* நெல் ஏற்றிய டிராக்டர் நுழையும் உயரத்தில் சுரங்கப்பாதை!
* வாய்க்கால் தோறும் போதுமான சிறுபாலம்!

நிலம் கொடுத்தவனுக்கு வழி கேட்பது பிச்சை அல்ல, உரிமை!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!