தோற்ற இரவில் பேசும் பேச்சு



தோற்ற அணியின் ரசிகர்களுக்கு அன்றிரவு எளிதில் உறக்கம் வருவதில்லை. வென்றவர்கள் ஆரவாரித்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். தோற்றவர்களோ தேநீர்க் கடை வாசலிலும் தெருமுனையிலும் நின்றுகொண்டு, முடிந்துபோன ஆட்டத்தை வாயாலேயே மறுபடியும் ஆடித் தீர்ப்பார்கள். அந்த வீரனை ஏன் இறக்கினார்கள்? அந்தப் பந்தை ஏன் தவறவிட்டான்? இனி இந்த அணி தேறுமா, தேறாதா? பேச்சு நீண்டுகொண்டே போகும்.

இதை வீண் பேச்சென்று ஒதுக்கிவிட முடியுமா? அன்பில்லாதவனுக்கு ஆத்திரம் வராது. தனக்குச் சொந்தமென்று ஒன்றை எண்ணுபவனே அதன் தோல்விக்காக வாதாடுவான். ஆயினும் அந்த வாதத்திலும் ஒரு நீதி இருக்க வேண்டும். கோபத்தில் பேசும்போது நம் சொல் யார்மீது விழுகிறது, யாரைத் தொடாமல் தப்பவிடுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

இதற்கு எடுத்துக்காட்டாக, நம் இல்லங்களில் பெரியவர்கள் பெருமையோடு சொல்லக் கேட்ட ஒரு பெயரையே எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம்தான் அது.

பெயர் வந்த வரலாறு

1891-இல் தொடங்கப்பட்ட இக்கழகம் நெடுங்காலம் பெரிய பெயர் எதுவும் எடுக்காமலே இருந்தது. 1934-இல்தான் கல்கத்தா லீக்கின் முதல் பிரிவில் நுழைந்தது. நுழைந்த ஆண்டிலேயே பட்டத்தை வென்று அனைவரையும் வியக்க வைத்தது. அதற்கு முன் அந்த லீக்கை எந்த இந்திய அணியும் வென்றதில்லை. பிரிட்டிஷ் பட்டாள அணிகளும் வெள்ளையர் கழகங்களுமே அதைத் தம் உடைமையாக வைத்திருந்தன. 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அந்தப் பட்டம் முஹம்மதன் ஸ்போர்ட்டிங்கிடமே தங்கியது. 1936-இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டும் சேர்ந்தது. 1940-இல் தில்லியில் ராயல் வார்விக்ஷயர் பட்டாள அணியை 2-1 என வென்று, டூரண்ட் கோப்பையைப் பெற்ற முதல் இந்திய அணி என்னும் சிறப்பையும் இக்கழகம் அடைந்தது.

இவ்வெற்றி வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை. கழகத்தை நடத்தியவர்கள் திட்டமிட்டு உழைத்தார்கள். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் திறமையான வீரர்களைத் தேடிப்பிடித்து அழைத்து வந்தார்கள். அக்காலத்தில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடினர். காய்ந்த தரையில் அது கைகொடுத்தது. மழை பெய்து திடல் சேறானால் பூட்ஸ் அணிந்த வெள்ளையர் முன் கால் வழுக்கியது. முஹம்மதன் ஸ்போர்ட்டிங் நிருவாகத்தினர் தம் வீரர்களை ஈரத்தரையில் பூட்ஸ் அணிந்து ஆடப் பழக்கினார்கள். எங்கே வழுக்குகிறது என்று கண்டறிந்து, அதற்கு மாற்றுத் தேடினார்கள். 'நம்மவர்களுக்கு வீரம் போதாது' என்று அவர்கள் வாயளந்துகொண்டிருக்கவில்லை.

அந்த அணியின் வீரர் முகம்மது சலீம் 1936-இல் ஸ்காட்லாந்து சென்று, புகழ்பெற்ற செல்டிக் அணிக்காக வெறுங்காலுடன் ஆடிப் பார்த்தவர்களைத் திகைக்க வைத்தார். வங்காளத்தின் சிற்றூர்களிலும் அதே பெயரில் கழகங்கள் தோன்றின; 1936-இல் டாக்காவில் ஒன்று உருவாயிற்று. ஒரு சமுதாயம் தன்னம்பிக்கையைக் கால்பந்தில் கண்ட காலம் அது.

நீண்ட வறட்சி

1947-இல் நாடு பிரிந்தது. வீரர்களும் ஆதரவாளர்களும் சிதறினர். அப்படியிருந்தும் 1948, 1957, 1967, 1981 ஆகிய ஆண்டுகளில் கல்கத்தா லீக்கைக் கழகம் வென்றது. 1983, 1984-இல் ஃபெடரேஷன் கோப்பையும் கிடைத்தது. அதன்பின் வறட்சி. 1981-க்குப் பின் மறுமுறை லீக் பட்டம் கிட்டியது 2021-இல்! இடையே நாற்பதாண்டுகள். 1981-இல் தந்தையின் தோளில் அமர்ந்து பார்த்த சிறுவன், 2021-இல் தன் பிள்ளைகளுக்கே தந்தையாகியிருப்பான். அந்த இடைவெளியில் 2014-இல் பணமுடை காரணமாகக் கால்பந்து நடவடிக்கைகளையே நிறுத்திவைப்பதாகக் கழகம் அறிவித்த அவலமும் நேர்ந்தது.

பிறகு நல்ல காலம் பிறந்தது. 2021, 2022, 2023 என மூன்றாண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக். 2024 ஏப்ரலில் ஐ-லீக் பட்டம். அதன் பயனாக நாட்டின் தலையாய போட்டியான இந்தியன் சூப்பர் லீக்கில் இடம். ரசிகர்களின் மகிழ்ச்சிக்கு எல்லை ஏது?

மேலே ஏறிய பின்

2024 செப்டம்பரில் சூப்பர் லீக்கில் கால் வைத்த கழகம், முதல் வெற்றியை நம் சென்னையில்தான் பெற்றது. செப்டம்பர் 26 அன்று நேரு விளையாட்டரங்கில் சென்னையின் அணியை 1-0 எனத் தோற்கடித்தது. கோல் அடித்தவர் லால்ரெம்சங்கா என்னும் இளைஞர். ஆனால் அந்த வெற்றி தொடரவில்லை. அடுத்த மாதமே மோகன் பகானிடம் 0-3, ஹைதராபாத்திடம் 0-4 என அடிமேல் அடி. பருவம் முடிந்தபோது 24 ஆட்டங்களில் 2 வெற்றி, 7 சமன், 15 தோல்வி. 13 புள்ளிகளுடன் 13 அணிகளில் கடைசி இடம்.

இப்படிப்பட்ட ஒரு பருவத்தில் ரசிகர்கள் என்னவெல்லாம் பேசுவார்கள் என்பதை ஊகிக்க நாம் கொல்கத்தா போக வேண்டியதில்லை. எந்த ஊரிலும் தோற்ற அணியைச் சுற்றி எழும் குரல்கள் நான்குதான்.

'பயிற்சியாளரை மாற்றுங்கள், எல்லாம் சரியாகும்' என்பது முதற்குரல். 'வீரர்களுக்கு உணர்வில்லை, சட்டைக்கு மரியாதை தெரியவில்லை' என்பது இரண்டாவது. 'நாம் யார் தெரியுமா? ஐந்தாண்டுகள் தொடர்ந்து வென்றவர்கள்!' எனப் பழம்பெருமையில் ஆறுதல் தேடுவது மூன்றாவது. 'புதிதாக மேலே வந்த அணி. பொறுங்கள், பழகட்டும்' என்பது நான்காவது.

நான்கிலும் சிறிது உண்மை உண்டு. கீழ்ப்பிரிவில் வென்ற அணி மேற்பிரிவில் முதலாண்டு தடுமாறுவது உலகெங்கும் காணும் காட்சியே. வீரர்களின் தவறுகளும் கண்கூடு. பழம்பெருமையும் பொய்யில்லை, ஆனால் 1934-இல் அடித்த கோல் 2024-இன் கணக்கில் சேராது. இந்நான்கு குரல்களிலும் விடுபட்டுப்போகும் ஒரு கேள்விதான் முக்கியமானது.

மேற்சட்டைக்குள் இருந்த மனிதன்

2025 ஜனவரியின் இறுதியில் கழகத்தின் ரஷ்யப் பயிற்சியாளர் ஆந்த்ரே செர்னிஷோவ் பதவி விலகினார். ஐ-லீக் பட்டத்தை வென்று தந்தவர் அவரே. விலகலுக்கு அவர் சொன்ன காரணம் ஆட்டமன்று. மாதக்கணக்கில் தமக்குச் சம்பளம் வரவில்லை என்பதே. சம்பள பாக்கிக்காக வீரர்கள் பயிற்சிக்கு வர மறுத்த செய்தியும் அந்நாட்களில் வெளிவந்தது. அவர் விலகிய சில நாட்களில் மோகன் பகானுடன் மீண்டும் மோதி 0-4 எனத் தோற்றது அணி.

வாசகர்களே, இப்போது அந்த இரண்டாம் குரலை மீண்டும் கேளுங்கள்: 'வீரர்களுக்கு உணர்வில்லை.' அந்த அணியில் மிசோரமிலிருந்து வந்தவர் இருந்தார். உஸ்பெகிஸ்தானிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். வீட்டை விட்டு வெகுதொலைவில் வந்து உழைத்தவர்கள். சபுரில் இருக்கும் கணவரிடமிருந்தோ மகனிடமிருந்தோ ஒரு மாதப் பணம் வராவிட்டால் வீட்டில் என்னவாகும் என்பதை நம் தாய்மார்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அரபு நாட்டில் முதலாளி சம்பளத்தை நிறுத்திவைத்த நாட்களில் மனம் வேலையில் பதியுமா என்று அனுபவித்தவரைக் கேளுங்கள். உழைப்பவனுக்குக் கூலியைத் தாமதிக்காமல் கொடுப்பதை நபிகள் நாயகம் (ஸல்) எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதை மதரசாவில் ஓதும் பிள்ளையும் அறியும். கூலி கிடைக்காதவனைப் பார்த்து, 'உனக்கு உணர்வில்லை' என்பது எவ்வகை நீதி?

திடலில் ஓடுபவன் நம் கண்ணுக்குத் தெரிகிறான். அதனால் நம் ஏச்சு அவன்மேல் விழுகிறது. கணக்குப் புத்தகத்தை வைத்திருப்பவர் திரைக்குப் பின்னால் இருக்கிறார், அவர் தப்பிவிடுகிறார். ரசிகர்களின் விவாதத்தில் நேரும் பெரும்பிழை இதுவே.

சொல் கல்லாகும்போது

பிழையான சொல் சொல்லோடு நிற்பதுமில்லை. 2024 அக்டோபர் 20 அன்று கேரளா பிளாஸ்டர்ஸ் அணியிடம் 1-2 எனத் தோற்ற ஆட்டத்தில், நடுவரின் முடிவில் சினமுற்ற சிலர் பாட்டில் முதலிய பொருட்களை வீசினர். தம் அணியைக் காணக் கேரளத்திலிருந்து வந்த ரசிகர்களின் பக்கமும் அவை பறந்தன. நம் ஊருக்கு வந்த விருந்தாளிமேல் பாட்டில் வீசி எந்த அணி முன்னேறியது?

அதே நகரம் இதைவிடக் கொடிய நாளையும் கண்டிருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸ் திடலில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடியபோது, பார்வையாளரிடையே கலவரம் மூண்டு 16 பேர் உயிரிழந்தனர். காலையில் 'ஆட்டம் பார்க்கப் போகிறேன்' என்று சொல்லிப் புறப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அன்று ஆடியவை வேறு கழகங்கள். ஆனால் வெறி எந்தக் கொடியின் கீழும் வெறிதான்.

இனி தேறுமா?

'அணி தேறுமா?' என்ற முதற்கேள்விக்கு வருவோம். 1930-களின் வெற்றி எங்கிருந்து வந்தது? தேர்ந்த வீரர்களைத் திரட்டிய நிருவாகத்திலிருந்து. சேற்றில் வழுக்கிய காலுக்குப் பூட்ஸ் தேடிய அறிவிலிருந்து. 2014-இல் கதவை மூட வைத்தது எது? பணக் கணக்கு. 2025-இல் பயிற்சியாளரை அனுப்பியது எது? அதே கணக்கு. ஆகவே இவ்வணியின் எதிர்காலம் பந்து உருளும் திடலில் தீர்மானமாவதற்கு முன், நிருவாகிகளும் முதலீட்டாளர்களும் அமரும் அறையில் தீர்மானமாகிறது. சம்பளம் உரிய நாளில் போய்ச் சேருமானால், இளம் வீரர்களுக்கு நிலையான பயிற்சி கிடைக்குமானால், தோல்வியிலிருந்து மீள வழியுண்டு. நாற்பதாண்டு வறட்சியைப் பொறுத்த ரசிகர்களுக்குப் பொறுமையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்கள் கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். 'பந்தை ஏன் விட்டாய்?' என்று வீரனைக் கேட்கும் குரல்களில் பாதியேனும், 'சம்பளம் ஏன் கொடுக்கவில்லை?' என்று நிருவாகத்தைக் கேட்டிருந்தால் அதற்கு விலையுண்டு.

நம் இளைஞர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். அவர்கள் நேசிக்கும் அணி சென்னையோ, கேரளமோ, கடல்கடந்த ஏதோ ஒரு கழகமோ, எதுவாயினும் ஆகட்டும். தோற்ற இரவில் அவர்கள் பேசட்டும், வாதாடட்டும், கண் கலங்கினாலும் தவறில்லை. ஆனால் பேசுமுன் மூன்றைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளட்டும். நான் சொல்லும் குற்றம் எனக்கு உறுதியாகத் தெரிந்ததா? நான் ஏசுபவன் கையில் அதைத் திருத்தும் அதிகாரம் உண்டா? அவன் எதிரே நின்றாலும் இதே சொல்லைச் சொல்வேனா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அது விமர்சனம். இல்லையென்றால் வெறும் புறம் பேசுதல்தான்.

மகன் வாடிய முகத்துடன் வீடு திரும்பினால், 'பந்துக்காக இப்படியா?' என்று எள்ளி நகையாடாதீர்கள். அருகில் அமர்த்தி, ஏன் தோற்றீர்கள் என்று கேளுங்கள். காரணத்தைத் தேடப் பழகிய பிள்ளை, கடையில் நட்டம் வந்தாலும் தேர்வில் மதிப்பெண் குறைந்தாலும் பிறர்மேல் பழிபோட்டு நிற்க மாட்டான். எங்கே வழுக்கியது என்று தன் காலடியைப் பார்ப்பான்.