வேகம் கூட்டும் கடையில்



பசறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இரண்டு மாதமாக என் மேசையில் இருக்கிறது. யுத்தத்தில் கணவரை இழந்து, வன்னியிலிருந்து பிள்ளைகளோடு தாய்வீட்டுத் தோட்டத்துக்கே திரும்பி வந்தவர். கடன் எடுத்து மகனுக்குப் பழைய டீசல் வான் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் வருமானம். தியத்தலாவை பொக்ஸ் ஹில் கார் ஓட்டப் போட்டியைப் பார்த்துவிட்டு வந்த மகன், புது ரிம், பெரிய சைலன்சர், 'டியூனிங்' என்று சீட்டுக் காசைக் கேட்கிறானாம். கொடுக்கவா, வேண்டாமா என்பது அவர் கேள்வி.

நான் படித்தது சமூகவியல். எனக்கு இதில் என்ன தெரியும்? ஆனால் சென்ற மாதம் கோயம்புத்தூர் போனபோது பதில் கிடைத்தது.

எங்கள் பெரியம்மா, 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 1974இல் தலைமன்னாரில் கப்பலேறியவர். கோத்தகிரிக்குப் போயும் கொழுந்துதான் பறித்தார். அவருடைய மகன் கோவையில், கார்களுக்கு வேகம் கூட்டும் கடையொன்றில் மெக்கானிக். "வாங்க அக்கா, காட்டுறேன்" என்று கூட்டிப் போனான்.

அங்கே இப்படிக் கடைகள் இருப்பதில் ஆச்சரியமில்லை. பஞ்சாலையும் பம்ப்செட்டுமாக வளர்ந்த ஊர். 1980களின் இறுதியில் கரிவரதன் என்பவர் மாருதி எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார் செய்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். 2005இல் போர்முலா வன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே.

கறுப்பு எண்ணெயும் சத்தமும் என்று நினைத்துப் போனேன். தரை என் குசினியைவிடச் சுத்தம்! ஒரு பையன் மடிக்கணினியைக் காரோடு வயரால் இணைத்திருந்தான். எஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல், எந்த நேரத்தில் தீப்பொறி என்று தீர்மானிக்கும் சிறு கணினி இப்போதைய கார்களுக்குள் இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் மாற்றுகிறார்கள். பிறகு காரை உருளைகள்மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு வலுவை அளக்கிறார்கள்.

கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். தம்பி சிரிக்கவில்லை. "பழைய டீசல் வான்ல மாத்துறதுக்கு அந்தக் கணினியே இருக்காது. மலைப் பாதையாச்சே, பிரேக் பார்த்தாங்களா? இங்க வர்ற காருக்கே முதல்ல பிரேக்கும் டயரும்தான் பார்ப்போம்" என்றான்.

வேகம் இரண்டு மடங்கானால் வண்டியை நிறுத்த நான்கு மடங்கு சக்தி வேண்டுமாம். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறி, அந்த ஈரம் கொதித்துக் குமிழி விடும். அப்போது பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது ஒயிலை மாற்ற வேண்டும். இறக்கத்தில் சின்ன கியரில் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிறார்களே, அது உயிரோடு விளையாட்டு.

2024 ஏப்ரல் 21 அன்று பொக்ஸ் ஹில்லில் தடம் விலகிய கார் 7 பேரின் உயிரைக் குடித்தது. 2025 செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய பாதையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட வளைவுகளில்தான் அந்த வானும் பிள்ளைகளோடு போகிறது.

சகோதரி, மகனை ஏசாதீர்கள். எஞ்சின்மேல் ஆசையுள்ள பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை. தொழிற்பயிற்சி அதிகார சபையின் மோட்டார் மெக்கானிக் பயிற்சி பற்றி அவனை விசாரிக்கச் சொல்லுங்கள். சீட்டுக் காசை பிரேக்குக்கும் டயருக்கும் கொடுங்கள். ஆனால் அவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டாம். கராஜுக்கு நீங்களும் போங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லி வாங்கிப் பாருங்கள். என் ஸ்கூட்டிக்குப் புது பிரேக் போட்டதாகக் காசு வாங்கி, பழையதையே துடைத்து மாட்டிய கராஜ் ஒன்று உண்டு. பொம்பளைக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு!

ரிம்மை அப்புறம் பார்க்கலாம். அத்தனை காரை அழகாக்கும் தம்பியின் சொந்த மோட்டார் சைக்கிளில் ரிம் துருப்பிடித்துத்தான் கிடக்கிறது. பிரேக் மட்டும் புதுசு.