அறிவிப்பு மைக்குக்கு எக்கோ எதற்கு?

ஆடிக் கிருத்திகைக்கு மைக்செட் கட்டும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டுக்கு எக்கோ வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அறிவிப்பு மைக்கை மட்டும் விட்டுவிடுங்கள்.

இந்த விஷயத்தில் கிட்டார்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஆர்கெஸ்ட்ரா மேடையில் அவர் காலடியில் ஒரு பலகையும் அதன்மேல் நாலைந்து சின்னப் பெட்டிகளும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பெடல் என்பார்கள். ஒன்று ஒலியைக் கரகரப்பாக்கும், ஒன்று எதிரொலி தரும். எதிரொலி முதலிலும் கரகரப்பு பின்னாலும் வந்தால் எல்லாம் கலங்கிப்போகும். தாளிப்பைப் பருப்போடு போட்டு வேகவைத்த மாதிரி. அதனால் பல கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களின் பின்பக்கம் ‘செண்ட்’, ‘ரிட்டர்ன்’ என்று இரண்டு துளைகள் வைத்திருப்பார்கள். முன்பகுதியில் கரகரப்பு ஏறிய ஒலி ஒன்றின் வழியே வெளியே போய், எதிரொலிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு, இன்னொன்றின் வழியே உள்ளே வரும். பிறகுதான் ஸ்பீக்கருக்குப் போகும். எஃபெக்ட்ஸ் லூப் என்பது இதுதான். பலகையிலேயே லூப் சுவிட்ச் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. காலால் ஒரு தட்டுத் தட்டினால், புறவழிச்சாலையில் போகும் பஸ் மாதிரி, ஒலி அந்தப் பெட்டிப் பக்கமே போகாது.

மைக்செட் மிக்சரிலும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு மைக்கிலிருந்தும் எக்கோவுக்கு எவ்வளவு அனுப்புவது என்று தனித்தனித் திருகு உண்டு. அதை யார் தொடுகிறார்கள்?

நாம் பேசும்போது நொடிக்கு நாலைந்து அசைகள் வரும். எக்கோ மூன்றில் ஒரு பங்கு நொடி தாமதித்தால், முதல் அசை திரும்பி வந்து அடுத்த அசையின் தலையில் உட்காரும். இழுத்துப் பாடும் பாட்டுக்கு அது அழகு. பேச்சுக்கு எமன். போதாததற்கு, நூறு மீட்டர் தள்ளிக் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் ஒலி நம் காதுக்கு வர எப்படியும் 0.3 நொடி ஆகும். மலையடிவாரம் முழுக்க வரிசையாகக் குழாய் கட்டிய ஊரில் எக்கோ காசில்லாமலே கிடைக்கிறது.

சரவணப் பொய்கைப் பக்கம் குழந்தையைத் தவறவிட்ட தாயை நினைத்துப் பாருங்கள். நகரியிலிருந்தோ புத்தூரிலிருந்தோ வந்த தெலுங்குக்காரராகவும் இருக்கலாம். “மஞ்சள் சட்டை போட்ட பையன்” என்றால் அன்றைக்கு ஊரில் பாதிப் பையன்கள் மஞ்சள் சட்டைதான். பெயர் ஒன்றுதான் அடையாளம். அந்தப் பெயர்தான் காதில் விழுவதில்லை.

எக்கோ இல்லாவிட்டால் குரலில் கம்பீரம் இருக்காது என்பார்கள். “உங்கள் பையன் இங்கே இருக்கிறான், வந்து கூட்டிப் போங்கள்” என்று சொல்ல என்ன கம்பீரம் வேண்டியிருக்கிறது?

அறிவிப்பு மைக்கின் எக்கோ திருகைப் பூஜ்யத்தில் வைத்து, மேலே ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். மூன்று நாளும் யாரும் அதைத் தொட வேண்டாம்.